பொத்தான் போதவில்லை

கணினியில் இருந்தவரை
விசைப்பலகை முழுக்க இந்தப் போருக்கு வேலை இருந்தது.
குனிய ஒன்று, தவழ ஒன்று,
மூச்சைப் பிடித்துக்கொள்ள ஒன்று,
சுவரோரம் தலையை மட்டும் நீட்டிப் பார்க்க
இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று.
ஒரே தோட்டாவில் சாவு.
செத்தவன் கடைசியாகப் பார்த்தது
அநேகமாக ஒரு புல்.

அதை இப்போது
தொலைக்காட்சிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும்
கறுப்புப் பெட்டிக்குள் இறக்க வேண்டும்.
நினைவகம் அறுபத்துநான்கு மெகாபைட்.
குருவி தலையில் பனங்காய் என்றேன் கூட்டத்தில்.
ரஸ்தோ சிரிக்கவில்லை.
ஈஸ்டருக்குள் தட்டு அச்சுக்குப் போகணும், ராத்கா,
பனங்காயைச் செதுக்கு.

கோஷிட்சேவில் அந்தக் குளிர்காலம்
டிராம் கம்பியில் பனி தோலுரிந்து விழும்.
பழைய பல் மருத்துவமனையின் மூன்றாம் மாடி,
நாங்கள் ஐந்து பேர்,
சுவரில் இன்னும் கிராம்பு எண்ணெய் வாசம்.

முதலில் புல்லை வெட்டினேன்.
பிறகு பள்ளத்தாக்கின் மறுகரையை:
இரண்டு கிலோமீட்டர் தெரிந்த இடத்தில்
நானூறு மீட்டரில் மூடுபனி.
தேவாலயத்தில் இரண்டு மணி இருந்தது, ஒன்றாக்கினேன்.
பதினேழு ஆடுகளில் மூன்றை விட்டேன்.
இறந்தவர்கள் முன்பெல்லாம் நாள் முழுக்கக் கிடப்பார்கள்,
பெட்டி தாங்கவில்லை,
முப்பது நொடியில் மறையச் சொன்னேன்.
அந்த வரியை எழுத
ஒரு காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

பெரெட்ஸ்கி, எங்கள் சோதனையாளர்.
நீலத் தொப்பி போட்டு ஏதோ ஓர் எல்லையில்
பதினொரு மாதம் நின்றவர்.
எந்த எல்லை என்று சொல்லமாட்டார்.
மூடுபனியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பிணம் மறைவதைப் பார்த்துக்
கொஞ்சம் இருமினார்,
குறிப்பில் எழுதினார்: வேகம் பரவாயில்லை.

கைப்பிடியில் பொத்தான்களை எண்ணினோம்.
சுட, குறிபார்க்க, தோட்டா நிரப்ப, எறிய, குனிய.
எப்படி எண்ணினாலும் ஒன்று குறைந்தது.
மிஞ்சி நின்றது
துப்பாக்கியைத் தாழ்த்தும் விசை.
அழுத்தினால் குழல் தரையைப் பார்க்கும்,
அவ்வளவுதான், புள்ளி கிடையாது.
யார் அழுத்தப்போகிறார்கள் என்றான் ரஸ்தோ,
சுடுகிற ஆட்டத்தில்
சுடாமலிருக்க ஒரு பொத்தானா.

பெரெட்ஸ்கி கைப்பிடியை மேசைமேல் வைத்தார்.
நான் அங்கே சுட்டதே இல்லை, ஒருதரமும்.
தாழ்த்தியிருக்கிறேன்,
நாளைக்கு நாற்பது தடவை.
பால் வண்டி என்று தெரிந்ததும்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று தெரிந்ததும்.
வெறும் நாய் என்று தெரிந்ததும்.
அட்டையில் 'நிஜப்போர்' என்றுதானே போடுகிறீர்கள்?
கேட்டுவிட்டு
மதியச் சூப்புக்குப் போய்விட்டார்.

கடைசியில் இப்படி முடித்தோம்:
இடக் குச்சியை உள்ளுக்குள் இரண்டு முறை அழுத்தணும்.
விளக்கம், கையேட்டின் பதினான்காம் பக்கம்.
கையேடு
பன்னிரண்டு பக்கத்தோடு அச்சாகி வந்தது.

ஈஸ்டர் போய் ஆகஸ்டில் கடைக்கு வந்தது.
புல் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள்.
செத்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று
ஒரு கடிதமும் இல்லை.

நவம்பர். கீழ்வீட்டு மரோஷ்,
மோர் குடித்த மீசையோடு, கை வியர்த்து
என் சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறான்.
மூடுபனிக்குள்ளிருந்து ஒருவன் வருகிறான்,
இடையனா எதிரியா தெரியாத தூரம்.
பதறிய பெருவிரல் குச்சியில் இரண்டு முறை அமுங்கிவிட,
குழல் தாழ்ந்தது.

வந்தவனும் நின்றான்.
அதை நான் எழுதவில்லை.
பழைய நிரலில் யாரோ விட்டுப்போனது,
வெட்டும்போது என் கண்ணில் படாதது.
தன் துப்பாக்கியை அவனும் தாழ்த்தி
அப்படியே நிற்கிறான்.
ஒற்றை மணி அடிக்கிறது.
மொட்டைத் தரையில் மூன்று ஆடுகள்
இல்லாத புல்லை மேய்கின்றன.

ராத்கா, உங்க ஆட்டம் கெட்டுப்போச்சு!
கத்திக்கொண்டே மரோஷ்
அணைத்துப் போடப்
பெட்டியிடம் தவழ்ந்து போகிறான்.